முதுகில் ஊசி போட்டுக்கொள்ளலாமா, மிஸ்ஸி?

பிரசவ அறையில் 33 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: மிஸ்ஸியம்மா, எனக்கு 27 வயது. தலைப்பிரசவம், இப்போது 32 வாரம். பாலர்பள்ளியில் வேலை செய்கிறேன். கணவர் செம்பனை ஆலைக்கு லாரி ஓட்டுகிறார். ஈப்போவில் இருக்கும் என் தோழி எப்பிட்யூரல் என்கிற, பிரசவ வலியைக் குறைக்கும் முதுகு ஊசியைப் போட்டுக்கொண்டுதான் பிள்ளை பெற்றாள். "வலியே தெரியலடி, நீயும் கேளு" என்கிறாள். மாமியாரோ, முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி நிற்காது, கால் விளங்காமல் போனாலும் போகும், கடைசியில் ஆபரேஷனில் கொண்டுபோய் விடும் என்கிறார். அவருடைய மாமியார் தோட்டத்து லயத்தில் பிள்ளை பெற்று, மாதம் திரும்புவதற்குள் ரப்பர் பால் வெட்டப் போனவராம். தினமும் ஒரு தடவை அதைச் சொல்லிவிடுகிறார். கிளினிக்கில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. போட்டுக்கொள்ளட்டுமா, வேண்டாமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மகளே, உன் அம்மா வயது எனக்கு. அதனால் நீ, வா, போ என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கூச்சத்தை விடு. நான் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பெண்கள் வலி உச்சத்துக்குப் போன பிறகுதான், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மிஸ்ஸி, அந்த முதுகு ஊசி இருக்கா?" என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார். அல்லது கர்ப்பப்பை வாய் முழுவதும் திறந்து, பிள்ளை வாசலுக்கே வந்திருக்கும். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. 32 வாரத்தில் நீ கேட்பது சரியான நேரத்தில் கேட்பது.

ஊசி என்கிறார்களே, அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். உன்னைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து, தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, முதுகைப் பூனைபோல் வளைக்கச் சொல்வார்கள். உட்கார முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கலாம். கிருமி மருந்தைத் துடைக்கும்போது முதுகு ஐஸ்போல் சில்லிடும். அப்புறம் தோல் மரத்துப் போக ஒரு சின்ன ஊசி, அது சுருக்கென்று எரியும். அதன் பிறகு பெரிய ஊசி. அப்போது வலியைவிட அழுத்தம்தான் அதிகம் தெரியும். அந்த ஊசி வழியாக, தூண்டில் நரம்பு பருமனுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே விடுவார்கள். பிறகு ஊசியை உருவி எடுத்துவிடுவார்கள். முதுகில் ஊசி இருக்காது, குழாய் மட்டும்தான். அதை முதுகோடு டேப் போட்டு ஒட்டித் தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து, மருந்து போகும் பம்பில் மாட்டுவார்கள்.

இதில் கஷ்டமான கட்டம் ஒன்றுதான். இடுப்பு வலி எழும்பி வரும்போதும் அசையாமல் இருக்க வேண்டும். வலி வருவது தெரிந்ததும் "டாக்டர், வருது" என்று சொல்லிவிடு, அவர் கையை நிறுத்திக் காத்திருப்பார். நான் எப்போதும் முன்னால் நின்று, அந்தப் பெண்ணின் நெற்றியை என் தோளில் சாய்த்துக்கொள்வேன். மூச்சை எண்ணுவோம். இரண்டு மூன்று வலிக்குள் வேலை முடிந்துவிடும். மருந்து பிடிக்க 15, 20 நிமிடம் ஆகும். பிடித்ததா என்று பார்க்க டாக்டர் ஐஸ் கட்டியை வயிற்றிலும் தொடையிலும் வைத்து, "இங்கே சில்லுன்னு இருக்கா?" என்று கேட்பார். சில்லிப்பு தெரியாத இடத்தில் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று, "மிஸ்ஸி, என் அம்மா வெளியிலதான் உட்கார்ந்திருக்காங்களா?" என்று கேட்பாள். அதுவரை அவளுக்கு அம்மா நினைவே இருந்திருக்காது.

சரி, உன் மாமியார் சொல்வதற்கு வருவோம். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார். ஊரில் நாம் இரண்டு வேறு ஊசிகளை "முதுகு ஊசி" என்ற ஒரே பெயரில் சொல்கிறோம், பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சிசேரியனுக்குப் பெரும்பாலும் போடுவது ஸ்பைனல். தண்டுவட நீருக்குள் ஒரே தடவை மருந்து விட்டு, மார்புக்குக் கீழே நன்றாக மரத்துப் போக வைப்பார்கள். எப்பிட்யூரல் அந்த நீரைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே நின்றுவிடும். மருந்தும் குறைந்த அளவில், கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

முதுகுவலி என்ற பயம்தான் எல்லா வீட்டிலும் இருக்கிறது. எப்பிட்யூரலை மற்ற வழிகளோடு ஒப்பிட்ட 40 ஆய்வுகளை, 11,000 பெண்களுக்கு மேல், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2018இல் வந்தது. எப்பிட்யூரலால் நாள்பட்ட முதுகுவலி கூடுவதாக அதில் தெரியவில்லை. ஊசி குத்திய இடம் சில நாள் தொட்டால் வலிக்கும், அது வேறு. பிள்ளை பெற்றவளுக்கு முதுகு வலிக்காமல் எப்படி இருக்கும்? ஒன்பது மாதம் முன்பாரம் சுமந்த முதுகு, கர்ப்பத்தில் தளர்ந்த இடுப்பு மூட்டுகள். அப்புறம் குனிந்து குனிந்து பால் கொடுப்பது. தாழ்வான மணையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் நம் பழக்கத்தையும் சேர்த்துக்கொள். என் இரண்டு பிள்ளைகளுக்கும் எனக்கு எப்பிட்யூரல் இல்லை. இன்றைக்கும் வாளி தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

ஆபரேஷனில் கொண்டுபோய் விடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. சிசேரியன் அளவு கூடவில்லை என்றுதான் அதே அறிக்கை சொல்கிறது. ஆனால் முக்கும் கட்டம் நீளலாம். கீழே அழுத்தும் உணர்வு மங்கிவிடுவதால், எப்போது முக்க வேண்டும் என்று தாதி சொல்லித்தர வேண்டியிருக்கும். பழைய ஆய்வுகளில், எப்பிட்யூரல் போட்டவர்களுக்கு ஆயுதம் போட்டோ வேக்குவம் வைத்தோ எடுப்பது கூடுதலாக இருந்தது. மருந்தின் அளவைக் குறைத்த பிறகு, 2005க்குப் பின் வந்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒருவேளை அவசர ஆபரேஷன் தேவைப்பட்டால், அதே குழாய் வழியாக மருந்தைக் கூட்டிப் பெரும்பாலும் அப்படியே செய்துவிடலாம், முழு மயக்கம் தேவைப்படாது. இதை உன் மாமியாரிடம் சொல், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கால் விளங்காமல் போவது: மருந்து போகும் நேரத்தில் கால் கனக்கும், மரத்துப் போகும், அதனால் நடக்க விடமாட்டார்கள். மருந்து நிறுத்தியதும் சில மணி நேரத்தில் திரும்பிவிடும். பிரிட்டனில் பிரசவ மயக்க மருந்து டாக்டர்களின் சங்கம் தாய்மார்களுக்குக் கொடுக்கும் கணக்கு இது: தற்காலிகமாக நரம்பு மரத்துப் போவது 1,000 பேரில் ஒருவருக்கு, ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பது 13,000 பேரில் ஒருவருக்கு, முடக்குவாதம் போன்ற பெரிய பாதிப்பு 250,000 பேரில் ஒருவருக்கு. நடக்கவே நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். மாமியார் சொல்வதுபோல் வழக்கமாக நடப்பதும் இல்லை.

உன் தோழியும் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். எல்லோருக்கும் வலியே தெரியாமல் போவதில்லை. எட்டுப் பேரில் ஒருவருக்கு எப்பிட்யூரல் போதுமான அளவு பிடிக்காமல், வேறு வழியும் தேவைப்படும் என்கிறது அதே கணக்கு. சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் மரக்கும். குழாயைச் சற்று இழுத்துப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் மறுபடி போடுவார்கள். 50 பேரில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் நன்றாக இறங்கும். அதற்காகத்தான் முன்பே கையில் டிரிப் ஊசி போட்டு, ஆரம்பத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார்ப்பார்கள். உடம்பு அரிக்கும், நடுங்கும், காய்ச்சல் வரலாம். சிறுநீர் வருவது தெரியாது, அதற்கும் குழாய் வைக்க வேண்டியிருக்கும். வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் நெஞ்சுத் துடிப்பை விடாமல் பார்ப்பார்கள்.

தலைவலியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என் சொந்தத்திலேயே பார்த்ததால். எப்பிட்யூரல் போட்டவர்களில் 100 பேரில் ஒருவருக்கு, ஊசி தவறித் தண்டுவட நீரைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்துவிடுவதால், கடுமையான தலைவலி வரும். உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் அடங்கும். அதுதான் அடையாளம். என் நாத்தனார் மகளுக்கு வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பித்தது. சீதளம் என்று சொல்லித் தலையில் துணியைக் கட்டி, காதில் பஞ்சை அடைத்து, மூன்று நாள் வைத்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவள் படுத்த வாக்கிலேயே பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன், அழுதுவிட்டாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுபோனோம். அவள் கையிலிருந்தே கொஞ்சம் இரத்தம் எடுத்து முதுகில் ஊசி போட்ட இடத்தில் விட்டார்கள், அந்த ஓட்டையை அது அடைத்துவிடும். மறுநாள் உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். இப்படித் தலைவலி வந்தால் சீதளம் என்று விட்டுவிடாதே, உடனே கூப்பிட்டுச் சொல்.

சிலருக்கு எப்பிட்யூரல் போடக் கூடாது, அல்லது யோசித்துத்தான் போட வேண்டும். இரத்தம் உறைவதில் கோளாறு இருப்பவர்கள், பிளேட்லெட் மிகவும் குறைந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொள்பவர்கள், ஊசி போடும் இடத்தில் புண்ணோ தொற்றோ உள்ளவர்கள். முதுகெலும்பில் ஆபரேஷன் செய்திருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இனி அந்த லயத்துக் கதை. நானும் லயத்தில் பிறந்தவள்தான், மகளே. என் அம்மா பால் வெட்டினார். என்னை எடுத்தது தோட்டத்து மருத்துவச்சி. அந்தப் பெண்களின் உடம்பு உரத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் என் சின்னம்மா ஒருத்தி அதே லயத்தில், இரண்டாவது பிரசவத்தில், இரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்தார். அடுத்த வீட்டில் அவரைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. எப்பிட்யூரல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்தில் வேறு வழி இல்லாததால் தாங்கினார்கள் என்கிறேன். உனக்கு வழி இருக்கிறது.

1986இல் என் தலைப்பிரசவம். 19 மணி நேரம். நானே தாதி, எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வலி தாங்காமல் கத்தியபோது, வயதான ஓர் ஊழியர், "அப்போ தெரியலையா?" என்று கேட்டார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அந்த வார்த்தையை என் வாயால் எந்தப் பெண்ணிடமும் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இரண்டாவது பிரசவத்தில் பெத்திடின் ஊசி போட்டார்கள். வலி குறைந்தது, ஆனால் ஒரே தூக்கக் கலக்கம். என் மகள் முதலில் அழுத சத்தம் எனக்கு நினைவில் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அது ஒரு குறைதான்.

அந்த மகள் தன் தலைப்பிரசவத்தில், ஆறு சென்டிமீட்டர் திறந்தபோது எப்பிட்யூரல் கேட்டுப் போட்டுக்கொண்டாள். போட்டதும் இரண்டு மணி நேரம் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கால் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன், அது அவளுக்குத் தெரியவே இல்லை. பிள்ளை வெளியே வந்தபோது முழு விழிப்போடு இருந்தாள். இரண்டாவது பிரசவத்தில் கேட்பதற்குள் பிள்ளை வந்துவிட்டது.

ஆக, நீ செய்ய வேண்டியது இது. உன் கர்ப்பகாலப் பதிவேட்டை, அதான் அந்தப் பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தடவை கிளினிக் போகும்போது, எனக்கு எப்பிட்யூரல் வேண்டியிருக்கலாம், நான் பதிந்திருக்கும் ஆஸ்பத்திரியில் கிடைக்குமா என்று கேள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்குமா என்று சேர்த்துக் கேள், பிள்ளை நாள் பார்த்து வருவதில்லை. மயக்க மருந்து நிபுணர் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிகளில் இது இருக்காது. அங்கே இல்லையென்றால், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்களா என்று டாக்டரிடம் பேசு. வலி எடுத்த பிறகு அவ்வளவு தூரம் காரில் போவது என்று கடைசி நேரத்தில் முடிவெடுக்காதே. தனியார் என்றால் மயக்க மருந்து டாக்டருக்குத் தனிக் கட்டணம் வரும். மொத்தம் எத்தனை வெள்ளி என்று எழுதி வாங்கிக்கொள்.

கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்தால் போடலாம் என்று கேட்பாய். இத்தனை திறந்தால்தான் என்ற கட்டாயம் இப்போது இல்லை. நிஜமான பிரசவ வலி பிடித்துவிட்டது என்று உறுதியானதும் கேட்கலாம். இன்னொன்று: வலி அளவு கேட்கும்போது உண்மையைச் சொல். 2008இலேயே நம் மலேசிய சுகாதார அமைச்சு வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக அறிவித்துவிட்டது. நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் மாதிரி அதையும் தாதி கேட்டு எழுத வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பார்கள். நம் பெண்கள் கண்ணில் தண்ணீர் வழிய, "கொஞ்சம்தான் மிஸ்ஸி, நாலு" என்பார்கள். எட்டு என்றால் எட்டு என்று சொல்.

கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பயப்படாதே. மூச்சில் இழுக்கும் காஸ் இருக்கும், பாதி ஆக்ஸிஜன், பாதி நைட்ரஸ் ஆக்ஸைடு. வலி உச்சிக்குப் போன பிறகு இழுத்தால் பயன் குறைவு, எழும்ப ஆரம்பித்ததுமே இழுக்க வேண்டும். பெத்திடினும் உண்டு. பிறப்பதற்குச் சற்று முன் போட்டால் குழந்தையும் தூக்கக் கலக்கமாக, மூச்சில் மந்தமாக இருக்கலாம், அதனால் நேரம் பார்த்துத்தான் போடுவார்கள். ஆரம்பத்தில் நடப்பது, முன்னால் சாய்ந்து நிற்பது, இடுப்பில் சுடுதண்ணீர்ப் பை, யாராவது உள்ளங்கையால் அடிமுதுகை அழுத்திப் பிடிப்பது, எல்லாமே உதவும்.

என் அபிப்பிராயம் கேட்டாய். உனக்குத் தடை ஒன்றும் இல்லையென்றால், கிடைக்கும் இடத்தில் பதிந்து வை. வலி வரட்டும். தாங்க முடிகிறதென்றால் வேண்டாம். முடியவில்லை என்று தோன்றும்போது, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டுப் போட்டுக்கொள். கையெழுத்துப் போடப் போவது நீதான், உன் மாமியாரும் இல்லை, தோழியும் இல்லை, நானும் இல்லை.

கேள்வி: மனைவிக்கு எப்பிட்யூரல் போடும்போது நான் பக்கத்தில் இருக்கலாமா? எனக்கு ஊசி, இரத்தம் என்றாலே தலை சுற்றும்.
— வாசகர், கோல கங்சார்

பதில்: தம்பி, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி விதி வேறு. ஊசி போடும் நேரத்தில் கணவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, முடிந்ததும் கூப்பிடும் இடங்கள் உண்டு. முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே விட்டால், மனைவியின் முகத்துக்கு நேராக நாற்காலியில் உட்காருங்கள், நிற்க வேண்டாம். முதுகுப் பக்கம் போகவே போகாதீர்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: மிஸ்ஸி, எனக்கு 61 வயது. நாலு பிள்ளையும் தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான் பெற்றேன். மருமகள் அந்த ஊசி போட்டுக்கொள்ளப் போகிறாளாம். மகனும் சரி என்கிறான். வலி பட்டுப் பெற்றால்தானே பிள்ளைமேல் பாசம் வரும்? நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள்.
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நாலு பிள்ளை பெற்ற உங்களுக்குப் பிரசவத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசத்தைப் பற்றி மட்டும், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சிசேரியனில் பெற்றவள், ஊசி போட்டுப் பெற்றவள், ஒன்றும் இல்லாமல் பெற்றவள் எல்லோருடைய நெஞ்சிலும் நான் பிள்ளையைப் போட்டிருக்கிறேன். கை ஒரே மாதிரிதான் அணைக்கிறது. வலியில் சோர்ந்து, "கொஞ்ச நேரம் தூக்கிட்டுப் போங்க மிஸ்ஸி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்கும் மறுநாள் பாசம் வந்தது.

ஊசி வேண்டுமா என்பது மருமகள் முடிவு, அதில் அவளை விட்டுவிடுங்கள் அக்கா. அவளுக்கு உங்கள் கை தேவைப்படும் இடம் வேறு. ஊசி போட்ட இடத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியை எடுக்கச் சொல்லும்வரை அதன்மேல் எண்ணெயோ தைலமோ தேய்க்காதீர்கள். வேது தண்ணீர் ஊற்றும் முன் அவள் காலில் உணர்ச்சி முழுவதும் திரும்பிவிட்டதா என்று பாருங்கள், மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. அவள் முதல் தடவை கட்டிலை விட்டு இறங்கும்போது, தாதி சொன்ன பிறகு இறங்கட்டும். இறங்கும் முன் இரண்டு காலையும் ஒவ்வொன்றாக நேராகத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் தூக்க வந்தால், ஒரு பக்கம் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், இன்னொரு பக்கம் தாதி பிடித்துக்கொள்ளட்டும்.